பத்துத் தடவை எழுதியும் ஏன் மறக்கிறது?

திங்கட்கிழமை பத்துச் சொற்கள், வெள்ளிக்கிழமை டிக்டேஷன். தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது வாராவாரம் நடப்பதுதான். ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுதுகிறீர்கள். நோட்டில் பக்கம் பக்கமாக நிரம்புகிறது, விரலும் வலிக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை டீச்சர் ‘முயற்சி’ என்று சொன்னதும் பென்சில் பாதியில் நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு ‘ச்’ உண்டா, இல்லையா?

இதற்குச் சோம்பலோ மந்த புத்தியோ காரணமில்லை, குழந்தைகளே. நம் மூளை எதை வைத்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்பதற்குச் சில வழக்கங்கள் இருக்கின்றன. அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக அவற்றைச் சோதித்துப் பார்த்து வருகிறார்கள். அவை தெரிந்துவிட்டால் பத்துத் தடவை எழுதும் வேலை மூன்று தடவையாகச் சுருங்கும். எழுதியதும் மனத்தில் நிற்கும்.

கை எழுதியது, மூளை என்ன செய்தது?

உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். பத்துத் தடவை எழுதச் சொன்னால் பலர் முதலில் மேலிருந்து கீழாக ‘மு, மு, மு’ என்று பத்து வரியிலும் போட்டுவிடுவார்கள். அதன் பக்கத்தில் ‘ய, ய, ய’. பிறகு ‘ற், ற், ற்’. கடைசியில் ‘சி, சி, சி’. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ‘முயற்சி’ என்ற சொல்லை அவர்கள் ஒரு தடவைகூட எழுதவில்லை. கண் மேல்வரியைப் பார்த்தது, கை கீழ்வரியில் போட்டது. நினைவுக்கு அங்கே வேலையே இல்லை.

முழுச் சொல்லாகவே எழுதினாலும், பார்த்துப் பார்த்து எழுதினால் இதே கதைதான். நம்ப முடியவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்வோம். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எத்தனை தடவை கையில் வாங்கியிருப்பீர்கள்? இப்போது பார்க்காமல், அதன் இரண்டு பக்கங்களையும் ஒரு தாளில் வரையுங்கள். எந்தப் படம் எங்கே இருக்கிறது? எந்த எழுத்து எந்தப் பக்கம்? ஆண்டு எங்கே அச்சாகியிருக்கிறது? வரைந்த பிறகு நாணயத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

1979-இல் ரேமண்ட் நிக்கர்சன், மேரிலின் ஆடம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் அமெரிக்காவில் இதே சோதனையைச் செய்தார்கள். தினமும் புழங்கும் ஒரு சென்ட் நாணயத்தைப் பெரியவர்களிடம் நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலோரால் சரியாக வரைய முடியவில்லை. பல தடவை பார்த்துவிட்டால் மட்டும் ஒன்று நினைவில் தங்கிவிடாது. சொற்களுக்கும் இது பொருந்தும்.

மறதியை அளந்த மனிதர்

ஜெர்மனியில் ஹெர்மான் எபிங்ஹாஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். மறதியை அளக்க முடியுமா என்று யோசித்தார். சோதனைக்கு வேறு யாரையும் தேடவில்லை, தன்னையே எடுத்துக்கொண்டார். தெரிந்த சொற்களை வைத்துச் சோதித்தால் சில எளிதாகவும் சில கடினமாகவும் இருக்கும் அல்லவா? அதனால் பொருளே இல்லாத சிறு அசைகளை ஏறத்தாழ 2,300 உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். பிறகு ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு, அதே வரிசையை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். முடிவுகளை 1885-இல் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்டது இது: கற்ற முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவிவிடுகிறது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. பொருள் உள்ள சொற்கள் இவ்வளவு வேகமாகப் போவதில்லை. ஆனாலும் முதல் நாளில்தான் அதிகம் போகிறது என்பது எல்லாவற்றுக்கும் பொதுவானது. மறப்பது உங்கள் குற்றமில்லை. மனித மூளை அப்படித்தான்.

அதே புத்தகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை திரும்பத் திரும்பச் சொன்னால் எவ்வளவு பலன் கிடைத்ததோ, அதே பலன் மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்துவிட்டது. உழைப்பு ஏறக்குறையப் பாதி, பலன் சமம்!

வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எல்லாச் சொற்களையும் ஒரே மூச்சில் எழுதுவது ஏன் வீண் உழைப்பு என்று இப்போது புரிகிறதா? அதே நேரத்தை நான்கு நாட்களுக்குப் பங்கு போட்டால் குறைவாக எழுதி நிறைய நினைவில் வைக்கலாம்.

உள்ளே போடுவதா, வெளியே எடுப்பதா?

படிப்பது என்றால் புத்தகத்தில் உள்ளதை மண்டைக்குள் போடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் போட்டதை நாமாக வெளியே எடுக்கிறோமே, அப்போதுதான் நினைவு பலப்படுகிறது. கரையில் நின்று மற்றவர் நீந்துவதை நூறு தடவை பார்த்தாலும் நீச்சல் வராது, நாம் தண்ணீரில் இறங்கிக் கையைக் காலை அடிக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற அமெரிக்க அறிஞர்கள் இதை 2006-இல் சோதித்துக் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு தடவை படிக்க வைத்தார்கள். இன்னொரு பகுதியை ஒரு தடவை படித்துவிட்டு, பிறகு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு தடவை படித்ததுதான் முந்தியது. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறியது. இரண்டு தடவை படித்ததில் 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. மூடி எழுதியதில் 56 விழுக்காடு இருந்தது.

ஐந்து நிமிடத்துக்குப் பிந்திய முடிவைக் கவனியுங்கள். பார்த்துப் பார்த்து எழுதும்போது ‘எல்லாம் தெரிந்துவிட்டது’ என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். அந்த நேரத்துக்குத் தெரிந்தது போலத்தான் இருக்கும், வாரக் கடைசியில் இருக்காது. மூடிவிட்டு எழுதும்போது திணறல் வரும். ‘அடுத்து ற-வா, ர-வா?’ என்று மூளை தேடும். அந்தத் தேடலில்தான் சொல் பதிகிறது. திணறினால் பயப்பட வேண்டாம், மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இந்த முறையை வெகுகாலமாகச் சொல்லித் தருகிறார்கள். நம் மொழியில் ஐந்து சொல்லில் அடக்கலாம்: பார், சொல், மூடு, எழுது, சரிபார். சொல்லை நிதானமாகப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். கையாலோ அட்டையாலோ மூடுங்கள். நினைவிலிருந்து எழுதுங்கள். திறந்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். கடைசிப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிழையை அப்போதே திருத்தாவிட்டால் அந்தப் பிழையே பழகிவிடும். சிலேட்டு இருந்தால் இதற்கு மிக வசதி. எழுதலாம், பார்க்கலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம்.

எழுத்து எங்கே பிறக்கிறது?

ஒரு சொல்லில் எல்லா எழுத்தும் கஷ்டமாக இருப்பதில்லை. ‘வெள்ளம்’ என்ற சொல்லில் வெ-யிலோ ம்-மிலோ யாரும் தவறுவதில்லை. நடுவில் இருப்பது ள்ள-வா, ல்ல-வா என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு சொல்லிலும் இப்படி ஒன்றிரண்டு வழுக்கும் இடங்கள் உண்டு. முதலில் அதைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். பிறகு, அங்கே ஏன் அந்த எழுத்து வருகிறது என்று கேட்க வேண்டும். தமிழில் பல இடங்களில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அந்தப் பதில் நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது!

கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

‘த’ என்று சொல்லுங்கள். நாக்கு மேற்பல்லைத் தொடுகிறது. ‘ந’ சொல்லுங்கள். அதே இடம்.

‘ட’ சொல்லுங்கள். நாக்கின் நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ‘ண’, ‘ள’ சொல்லுங்கள். இவற்றுக்கும் அதே வளைவுதான்.

‘ல’ சொல்லுங்கள். நாக்கு வளையவில்லை. நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத் தொடுகிறது. ‘ன’, ‘ற’ இரண்டும் இந்த மேட்டுப் பக்கத்து எழுத்துகள்.

‘ழ’ சொல்லுங்கள். நாக்கு பின்னால் வளைகிறது, ஆனால் எங்கும் தொடுவதில்லை. அதுதான் ழகரத்தின் சிறப்பு.

பழைய தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று அதில் வகுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நமக்கு மூன்று குடும்பங்கள் கிடைத்துவிட்டன. பல் குடும்பத்தில் த, ந. வளைநாக்குக் குடும்பத்தில் ட, ண, ள. மேட்டுக் குடும்பத்தில் ற, ன, ல. இதை வைத்துக்கொண்டு சில புதிர்களை அவிழ்ப்போம்.

முதல் புதிர்: மூன்று சுழி ண-வா, இரண்டு சுழி ன-வா, ந-வா? அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்து ட வந்தால் முன்னால் ண்: வண்டி, நண்டு, பண்டம். த வந்தால் ந்: பந்து, சந்தை, தந்தம். ற வந்தால் ன்: கன்று, தென்றல், மன்றம். ஏன் இப்படி? அடுத்து வரப்போகும் எழுத்துக்கு நாக்கு முன்கூட்டியே போய் இடம் பிடித்துக்கொள்கிறது. ‘ட’ சொல்வதற்காக வளைந்த நாக்கில் ‘ண்’ தானே பிறக்கும்? இந்த எழுத்துகளின் பெயரிலேயே விடை இருக்கிறது. ண-வுக்கு டண்ணகரம், ந-வுக்குத் தந்நகரம், ன-வுக்கு றன்னகரம். டண், தந், றன் என்று சொல்லிப் பார்த்தால் யாருக்கு யார் துணை என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது புதிர்: ல்-லா, ள்-ளா, ழ்-ழா? சொல் ஒரு வினையாக இருந்தால், அதை நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நில் என்பது நின்றான். செல், சென்றான். வெல், வென்றான். ‘ன்ற’ வந்தால் மூலச் சொல்லில் ல். ஆள் என்பது ஆண்டான். கொள், கொண்டான். உருள், உருண்டான். ‘ண்ட’ வந்தால் ள். வாழ் என்பது வாழ்ந்தான். சூழ், சூழ்ந்தான். மகிழ், மகிழ்ந்தான். ‘ந்த’ வந்து முன்னால் நாக்கு வளைந்தால் ழ். ல, ன, ற ஒரே வீட்டுப் பிள்ளைகள், ள, ண, ட இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் என்பதால் ஒருவர் இடத்தில் மற்றவர் வருகிறார். சொல், சொன்னான் என்று விலகிப் போகும் சொற்களும் சில உண்டு. அவற்றைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கல் சேர்ந்தால் கற்கண்டு, முள் சேர்ந்தால் முட்செடி என்று சொற்கள் சேரும்போதும் அதே வீட்டுக்காரர்கள்தான் வந்து நிற்கிறார்கள், பாருங்கள்.

மூன்றாவது புதிர் நாம் தொடக்கத்தில் பார்த்த ‘முயற்சி’. ‘முயற்ச்சி’ என்று எழுதினால் தவறு. ஆனால் ‘மகிழ்ச்சி’யில் மட்டும் ச் இருக்கிறதே? காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கின்றன, அதனால் காதை நம்பிப் பயனில்லை. விதி எளிது: ட், ற் என்ற வல்லின மெய்கள் இரண்டுக்கும் பிறகு இன்னொரு மெய்யெழுத்து வராது. முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி, நட்பு, கற்பனை, அதற்கு. எதிலும் ட், ற்-க்குப் பிறகு புள்ளி வைத்த எழுத்து இல்லை. ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பிறகு வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்த்து. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு சொல்லோடு நிற்பதில்லை, இருபது முப்பது சொற்களில் இனி தவறு வராது.

நான்காவது புதிர்: ர-வா, ற-வா? பல ஊர்களில் பேச்சில் இரண்டுக்கும் வேறுபாடே தெரிவதில்லை. ஆனாலும் மூன்று துப்புகள் உண்டு. ர் ஒருபோதும் இரட்டிக்காது, ஆகவே காற்று, வெற்றி, சுற்றம் எல்லாம் ற-தான். சொல்லின் கடைசியில் ற் வராது, ஆகவே வேர், தேர், அவர் எல்லாம் ர்-தான். ன்-னுக்கு அடுத்து வருவது ற-தான். ழ்-உம் ர் போலவே இரட்டிக்காது. இனி ‘வெள்ளம்’ என்பதில் ழ்ழ-வா என்ற சந்தேகம் எழாது.

இந்த விதிகளுக்குள் அடங்காமல் சில சொற்கள் மிஞ்சும். ஏரி, ஏறி. கரி, கறி. பல்லி, பள்ளி. பனி, பணி. இவற்றுக்குப் பொருள்தான் துணை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுங்கள்: ‘ஏரிக் கரையில் ஏறி நின்றோம்.’ ‘பள்ளிச் சுவரில் பல்லி.’ நீங்களே இட்டுக்கட்டிய வாக்கியம் புத்தகத்து வாக்கியத்தைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

ஆங்கிலச் சொற்கள் ஏன் இப்படி?

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான். பேச்சிலோ ஏறத்தாழ 44 ஒலிகள். எழுத்து போதாமல் ஒரே எழுத்து பல ஒலிகளுக்கு வேலை செய்கிறது. போதாததற்கு, சொல்லில் ஒலிக்காத எழுத்துகளும் இருக்கின்றன. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் முன்னால் ஒரு ‘கே’ எதற்கு?

ஒரு காலத்தில் இங்கிலாந்து மக்கள் அந்த ‘கே’யை ஒலித்தே பேசினார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை அமைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து ஒரே வடிவில் நின்றுவிட்டது. ஆனால் பேச்சு நிற்கவில்லை, மாறிக்கொண்டே வந்தது. வாயிலிருந்து ‘கே’ போய்விட்டது, தாளில் தங்கிவிட்டது. கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லில் ஒலிக்காத ஒரு ‘பி’ உண்டு. லத்தீன் மூலச் சொல்லில் பி இருக்கிறதே என்று பிற்காலப் புலவர்கள் அதைச் சேர்த்தார்கள். தீவு என்று பொருள்படும் ‘ஐலண்ட்’ என்பதில் இருக்கும் ‘எஸ்’ தவறுதலாக நுழைந்தது. வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று எண்ணிச் சேர்த்துவிட்டார்கள்.

இந்தக் கதைகள் தெரிந்தால் ஒலிக்காத எழுத்து மறக்காது. அமெரிக்காவில் 1925 முதல் நடக்கும் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில், சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் உடனே எழுத்துக்கூட்டிவிடுவதில்லை. இதன் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள் என்று நடுவரிடம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க அனுமதியும் உண்டு. 1985-இல் பாலு நடராஜன் என்ற சிறுவர் வென்றார். அந்தப் போட்டியில் வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவர்தான். 2019-இல் எட்டுப் பேர் ஒன்றாக வென்றார்கள். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது சொல்லிடம் கேள்வி கேட்கும் அந்தப் பழக்கம்தான்.

நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் துண்டாக்குங்கள். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியவை ஏழு, கூடக் குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் என்ற அறிஞர் 1956-இல் எழுதினார். நான்குதான் இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஒன்பது எழுத்தைத் தனித்தனியாகச் சுமப்பது கடினம், மூன்று துண்டாகச் சுமப்பது எளிது. புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லை எழுதும்போது மட்டும் மனத்துக்குள் ‘வெட்-நெஸ்-டே’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒலிக்காத ‘டி’ எங்கேயும் ஓடிவிடாது.

ஐந்து நாள், தினம் பத்து நிமிடம்

இனி வாரத்தைப் பங்கிடுவோம்.

திங்கள்: பத்துச் சொற்களையும் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழுக்கும் இடத்துக்குச் சிவப்புக் கோடு. பிறகு ஒவ்வொன்றையும் ஒரு தடவை மூடி எழுதிச் சரிபாருங்கள்.

செவ்வாய்: புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்குங்கள். அக்காவோ தாத்தாவோ சொல்லச் சொல்ல எழுதுங்கள். தவறியவற்றை மட்டும் மறுபடி மூடி எழுதுங்கள்.

புதன்: வரிசையை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே வரிசையில் கேட்டால் மூளை வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளும். போன வாரச் சொற்களில் இரண்டையும் இடையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வியாழன்: ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம். படுப்பதற்கு முன் கடினமான இரண்டு மூன்று சொற்களை ஒரு தடவை நினைவிலிருந்து எழுதிவிட்டு, நேரத்தோடு தூங்கிவிடுங்கள்.

தூக்கமும் படிப்பில் சேர்த்தி. நம் மூளையின் உட்பகுதியில் ஹிப்போகாம்பஸ் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. பார்ப்பதற்குக் கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. புதிய நினைவுகள் உருவாக அது வேண்டும். 1994-இல் மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் என்ற அறிஞர்கள் எலிகளை வைத்து ஒன்று கண்டுபிடித்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது அதன் ஹிப்போகாம்பஸில் எந்தெந்தச் செல்கள் ஒன்றாகச் சுறுசுறுப்பாக இருந்தனவோ, பிறகு அது தூங்கும்போதும் அதே செல்கள் ஒன்றாகச் செயல்பட்டன. பகலில் பார்த்ததைத் தூக்கத்தில் மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. கண் விழித்துப் படிக்கும் பிள்ளை இந்த உதவியை இழந்துவிடுகிறது.

போனில் தட்டிப் பழகலாமே என்று சிலர் கேட்பீர்கள். எழுத்துப் பழகும் வயதில் கையால் எழுதுவதே நல்லது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதியும் சிலவற்றைத் தட்டச்சு செய்தும் பழகிய பிறகு, அவற்றைப் பார்க்கும்போது அவர்கள் மூளை எப்படி வேலை செய்கிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். கையால் தாமாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் படிப்புக்கான மூளைப் பகுதிகள் அதிகமாக இயங்கின.

வெள்ளிக்கிழமை டிக்டேஷன் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. தவறிய சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதுங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1972-இல் ஒரு வழி சொன்னார். அதை மூன்று காலி டப்பாக்களில் செய்யலாம். முதல் டப்பாவில் உள்ள அட்டைகளைத் தினமும் கேட்க வேண்டும். சரியாக எழுதினால் அட்டை இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒரு தடவை கேட்டால் போதும். அதிலும் சரியென்றால் மூன்றாவது டப்பா, வாரம் ஒரு தடவை. எங்கே தவறினாலும் அட்டை மறுபடி முதல் டப்பாவுக்கு. தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது, தெரியாத சொல் தப்பித்துப் போகாது.

அம்மா, அப்பா, ஆசிரியர்களுக்கு

பிழை செய்த பிள்ளைக்கு ஐம்பது தடவை இம்போசிஷன் கொடுப்பதை விட்டுவிடுங்கள். அதில் எழுதுவது பழகாது, எழுத்தின் மேல் வெறுப்புதான் பழகும். ஒரு சொல்லில் ஐந்து எழுத்து இருந்து நான்கு சரியென்றால், முதலில் அந்த நான்கைக் காட்டுங்கள். பிறகு தவறிய இடத்தைக் காட்டி, அங்கே ஏன் அந்த எழுத்து என்று பேசுங்கள். டிக்டேஷனில் சொல்லை மட்டும் சொல்லாமல் ஒரு வாக்கியத்தோடு சொல்லுங்கள். வாக்கியம் இல்லாமல் ‘அரை’யா ‘அறை’யா என்று பிள்ளை எப்படி அறியும்?

எவ்வளவு முயன்றாலும் எழுத்துகள் இடம் மாறியே வருகின்றன, படிப்பதும் பெரும்பாடாக இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் சிரமம் இருக்கலாம். அதற்கும் அறிவுத் திறனுக்கும் சம்பந்தமில்லை. திட்டாமல், பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். உதவி சீக்கிரம் கிடைத்தால் பிள்ளை நன்றாக முன்னேறும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

குழந்தைகளே, இதுவரை சொன்னதை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். சோதித்துப் பார்த்து ஏற்பதுதான் அறிவியல். அடுத்த வாரம் வரும் பத்துச் சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். கண்ணை மூடி ஐந்து சீட்டு எடுங்கள். அந்த ஐந்தையும் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுங்கள். மற்ற ஐந்தையும் மூடி எழுதிச் சரிபாருங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, எது எந்த வகை என்று தெரியாத ஒருவரைப் பத்துச் சொற்களையும் கலந்து கேட்கச் சொல்லுங்கள். எந்த ஐந்தில் எத்தனை சரி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்து முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாமல் நான்கு வாரம் செய்து பாருங்கள். நண்பர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்களுக்கு எது பலன் தருகிறது என்று உங்கள் கணக்கே சொல்லிவிடும். அந்த நோட்டை எடுத்துப் போய் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் வகுப்பு முழுவதும் இனி எப்படிப் படிக்கலாம் என்று அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள்.